இடதுகைக்காரருக்கு ஒரு தட்டு

பேருந்து மலையேறி முடித்தபோது மணி நாலரைதான். அதற்குள் இருட்டிவிட்டது. டிசம்பர் மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்குச் சூரியன் வருவதே கடமைக்குத்தான். வந்த வேகத்தில் மூட்டையைக் கட்டிவிடும். பனிக்குள் இறங்கியவர்கள் இரண்டே பேர். முன்னால் தொமோயே பெரியம்மா, கையில் பெட்டியோடு. பின்னால் பதினோரு வயது சயோ, முதுகில் பள்ளிக்கூடப் பையோடு. பைக்குள் புத்தகம் கிடையாது. துண்டில் சுற்றிய, அரக்குப் பூசிய ஒரு மரக் கிண்ணமும் அதன் மூடியும், ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சிகளும்தான் இருந்தன. எல்லாம் அப்பாவுடையவை.

"வழுக்கும்டி. என் கால் தடத்துலயே கால வச்சு வா," என்றாள் பெரியம்மா.

சயோ அப்படியே செய்தாள். பதில் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்து ஆறு வாரமாகிறது.

அக்டோபர் கடைசியில் கணவாய் மீன் பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. படகில் நாலு பேர். இரண்டு பேரைக் கடல் மூன்றாம் நாள் கரையில் கொண்டுவந்து போட்டது. சயோவின் அப்பாவும், எஞ்சின்காரர் தொகுஸோவும் கிடைக்கவே இல்லை. துறைமுகத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து அழுத கூட்டத்தில் தொகுஸோவுக்கென்று அழ ஓர் ஆள் இல்லை. மனுஷன் தனிக்கட்டை. சயோவுக்கும் அப்பாவை விட்டால் ஆளில்லை. அம்மா அவளுக்கு மூன்று வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மாவின் அக்காதான் இந்தத் தொமோயே. மலைக்குள் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றைத் தனியாளாக நடத்திக்கொண்டிருக்கிறாள்.

நூறு வருஷக் கட்டடம் அது. வாசலில் கந்தக வாடை, உள்ளே நனைந்த மர வாடை. தாழ்வாரப் பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கிரீச்சிடும். அடுப்படியில் சமையல்காரர் இவாசே கேரட்டைப் பூவாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். பரிமாறும் ஹட்சுயே அக்கா விருந்தாளிகளுக்கான தட்டுகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். சயோ காலணியைக் கழற்றிவிட்டு நேராக அங்கே போய், பையைத் திறந்து, கிண்ணத்தை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"அப்பாவுக்கு ஒரு தட்டு வேணும்," என்றாள்.

ஆறு வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு அது. இவாசேயின் கத்தி நின்றுவிட்டது.

தூரதேசம் போனவருக்கு வீட்டில் ஒரு தட்டு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நிழல் தட்டு என்பார்கள். போன இடத்தில் அவர் பட்டினி கிடக்கக் கூடாதென்று, வீட்டில் என்ன சமைத்தாலும் அவர் பங்கையும் வைத்துவிடுவார்கள். அப்புறம் சூப் கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் போனவர் உயிரோடு நலமாக இருக்கிறார். இதைச் சயோவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும், "மூடி வேர்த்திருந்தா பயப்படாதே," என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் எந்த மூடிதான் வேர்க்காது? அப்பாவுக்கும் அது தெரியும், மகளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் இரண்டு பேரும் நம்பினார்கள்.

பெரியம்மா கொஞ்ச நேரம் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"வைக்கலாம். ஆனா எனக்கும் ஹட்சுயேவுக்கும் சேர்த்துக் கை நாலுதான். விருந்தாளிங்க தட்டத் தூக்கவே அது பத்தல. உங்கப்பா தட்ட நீயேதான் வைக்கணும், நீயேதான் எடுக்கணும். முடியுமா?"

சயோ தலையாட்டினாள்.

தாழ்வாரக் கடைசியில் நாணல் அறை என்று ஒன்று இருந்தது. சன்னல் வழியே பள்ளத்தின் குளிர் நேராக உள்ளே வருமென்பதால் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. அங்கேதான் தட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்து ஏழு மணிக்கு எடுப்பாள். எப்படி மண்டியிடுவது, தள்ளுகதவை எப்படி மூன்று இழுப்பில் சத்தமில்லாமல் திறப்பது என்றெல்லாம் ஹட்சுயே அக்கா காட்டிக் கொடுத்தாள்.

"தட்ட அப்படியா தூக்குவாங்க மகாராணி? மூக்குக்கு நேரா தூக்கு. உன் மூச்சு சோத்துல படக் கூடாது," என்பாள். அப்புறம், "குச்சிய ஏன் தலைகீழா வச்சிருக்கே? நுனி இடப்பக்கம் பாக்கணும்."

"அப்பாவுக்கு இடது கை. நுனி வலப்பக்கம் பாத்தாத்தான் அவருக்கு எடுக்க வரும்."

குச்சியைத் திருப்ப நீட்டிய கையை ஹட்சுயே அக்கா இழுத்துக்கொண்டாள்.

பிள்ளை மெல்ல மெல்ல வேலைக்குள் வந்தாள். அப்பா தட்டோடு போகும்போது, போகிற வழியில் இருக்கிற அறைக்கு ஒரு தேநீர்க் குடுவை. திரும்பும்போது காலித் தட்டு இரண்டு. புது வருஷக் கூட்டம் வந்தபோது வாசலில் மண்டியிட்டு, "வாங்க, களைச்சு வந்திருப்பீங்க," என்று அவள் சொன்னதைக் கேட்டு, அடுப்படியில் இவாசே வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராத்திரி படுக்கையில் அழுவதுமட்டும் நிற்கவில்லை. அது பக்கத்து அறையிலிருந்த பெரியம்மாவுக்குத் தெரியும். அவளும் தூங்குவதில்லை.

ஜனவரி நடுவில் ஒருநாள் தட்டை எடுக்கப் போனபோது, குச்சிகள் திரும்பியிருந்தன.

நுனி இடப்பக்கம்.

சயோவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. விடுதிக்காரர்களின் கைக்கு இது ஒரு வியாதி. கோணலாக ஒரு குச்சியைக் கண்டால் கண் பார்ப்பதற்கு முன்னால் கை நேராக்கிவிடும். அவள் அடுப்படிக்குப் போய் நின்றாள்.

"அக்கா, அப்பா குச்சிய மாத்தாதீங்க."

"நான் எதுக்குடி அந்தக் குளிர்ல அங்க வரேன்? இங்க பம்பரமா சுத்தற வேலை போதாதுன்னா?"

"அப்ப யாரு மாத்தினது?"

"எலியா இருக்கும்," என்றார் இவாசே.

"சோறும் பாதி இல்ல. எலி குச்சி புடிச்சா சாப்பிடும்?"

மறுநாளும் குச்சிகள் திரும்பியிருந்தன, சோறு பாதி. அதற்கு மறுநாளும் அப்படியே. பாயில் தட்டுக்கு எதிரே ஓர் ஆள் மண்டியிட்டு உட்காருகிற அளவுக்கு ஈரம். அறைக்குள் லேசாக ஒரு வாடை. கந்தகமில்லை. வலையும் டீசலும் உப்பும் கலந்த வாடை. துறைமுகத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? அந்த மலையிலிருந்து கடலுக்கு மூன்று மணி நேரப் பயணம்.

அப்பா வந்துவிட்டார் என்று துள்ள வேண்டிய இடம் அது. ஆனால் அவளால் துள்ள முடியவில்லை. குச்சிகள் இடப்பக்கம் அல்லவா பார்க்கின்றன.

பிப்ரவரி நடுவில் துறைமுகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. காணாமல்போன இருவரும் இறந்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், உறவுக்காரர் முத்திரை குத்தித் தர வேண்டும், மார்ச்சில் வெறும் பெட்டியை வைத்துச் சடங்கு. பெரியம்மா அதை மடித்து இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு சயோவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"மூடி வேர்க்குது பெரியம்மா," என்றாள் சயோ, காகிதம் என்னவென்று கேட்காமலேயே.

"தெரியும்."

"வேர்த்தா உயிரோட இருக்காருன்னு அர்த்தம்."

பெரியம்மா அவள் தலையில் கை வைத்தாள். "இந்த மாசம் முடியற வரைக்கும் பொறுக்கறேன். நீ சொல்லாம நான் அதுல முத்திரை குத்த மாட்டேன். யாரு வந்து கேட்டாலும் சரி. ஆனா சயோ, ஒருநாள் நீ சொல்ல வேண்டி வரும்."

அந்தச் சாயங்காலம் சயோ ஒரு காரியம் செய்தாள். சூப்பைக் கொல்லைப் பனியில் வைத்து, மேலே ஆடையாக ஐஸ் கட்டுகிற வரை காத்திருந்தாள். அப்புறம் கிண்ணத்தில் ஊற்றி, மூடியைத் துணியால் துடைத்து மூடினாள். சூடு கிடையாது, ஆவி கிடையாது. இனிமேல் வேர்த்தால் அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தாழ்வாரத்தில் கதவை ஒட்டியே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கத்து அறைகளில் விருந்தாளிகள் சாப்பிடுகிற பேச்சு கேட்டது. யாரோ சிரித்தார்கள். கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. கதவில் ஒட்டிய வெள்ளைத் தாள் கூடத்து விளக்கில் மங்கலாகத் தெரிந்தது.

வாடை முதலில் வந்தது.

அப்புறம் சொட்டுச் சத்தம். பாயின் மேல் சொட், சொட் என்று, மெதுவாக, சன்னல் பக்கத்திலிருந்து தட்டுப் பக்கமாக நகர்ந்தது.

துணி நனைந்து கனத்த ஓர் ஆள் உட்காருகிற சத்தம்.

அப்புறம், சோற்றுக் கிண்ணத்தின் விளிம்பில் குச்சி.

டிங். டிங்.

அந்தச் சத்தம் சயோவுக்குத் தெரியும். மாதத்தில் இரண்டு தடவையாவது அவர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் சாப்பிட வருவார். மூன்று கிண்ணம் சோறு ஒரே மூச்சில் போகும். ஒவ்வொரு கிண்ணம் சோறு வைத்ததும் குச்சியால் விளிம்பில் இரண்டு தடவை தட்டுவார். அப்பா திட்டுவார். "தட்டாதய்யா. பசிச்ச பேயெல்லாம் சத்தம் கேட்டு வந்துடும்." அதற்கு அந்த ஆள், "வரட்டுமே, பாவம். அதுங்களுக்குத் தட்டு வைக்க யாரு இருக்கா?" என்பார். அதைக் கேட்டு அப்பா சிரித்துவிடுவார். சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்திலிருக்கும் கேரட் பூவை எடுத்து, கவிழ்த்த மூடியின் மேல் வைத்துச் சயோ பக்கம் தள்ளுவார். சயோவுக்குக் கேரட் பூ என்றால் உயிர். அப்பாவுக்கும் பிடிக்கும். அவர் தின்று அவள் பார்த்ததில்லை.

உள்ளே இருப்பது அப்பா இல்லை.

எத்தனை நாள் ஏந்திக்கொண்டு வந்த தட்டு. மூச்சுப் படாமல், தளும்பாமல். குழந்தைதானே, நெஞ்சு வெடித்துவிட்டது.

"அது எங்க அப்பாவோட சாப்பாடு," என்றாள்.

சத்தம் நின்றது.

சொட். சொட். இந்தத் தடவை கதவுப் பக்கமாக.

தாளின் உள்பக்கம் ஓர் ஈரம் படர்ந்தது. அவள் முகத்துக்கு நேராக. முதலில் வட்டமாக, அப்புறம் ஐந்து விரலாக. ஒரு பெரிய உள்ளங்கை, எஞ்சின் வேலையில் நுனி போன சுண்டு விரலோடு.

"தொகுஸோ மாமா," என்றாள் மூச்சுக் குரலில். "எங்கப்பா எங்க?"

கை அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது. அப்புறம் தாளைவிட்டு மெதுவாக இறங்கிப் போய்விட்டது.

அவள் கதவைத் திறந்தபோது அறை காலி. பாயில் ஈரம். குச்சிகளின் நுனி இடப்பக்கம். சோற்றை நடுவில் குச்சியால் கோடு கிழித்துப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சாப்பிட்டிருந்தது. மறு பாதியில் ஒரு பருக்கை கலையவில்லை. இத்தனை நாளும் அடுத்தவர் தட்டில் பாதிக்கு மேல் தொடாமல்தான் அந்த மனுஷன் சாப்பிட்டிருக்கிறார். கேரட் பூவும் அப்படியே இருந்தது.

மூடியைத் தூக்கினாள். சூப் ஐஸாகத்தான் இருந்தது. மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்துகள்.

அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா விரலால் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"தொகுஸோ மாமா பெரியம்மா. அவருக்குத் தட்டு வைக்க யாருமே இல்ல. எங்க வீட்டுக் கிண்ணம்தான் அவருக்குத் தெரியும். அதான் நம்மகிட்ட வந்திருக்கார்."

இவாசே கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். ஹட்சுயே அக்கா சுவரோரம் போய் நின்றுகொண்டாள். பெரியம்மா சாமான் அறைக்குப் போய், தூசி தட்டி, மூடிபோட்ட இன்னொரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இனிமே இவருக்கும் சேர்த்து வை," என்றாள். "நம்ம வீட்டுக்கு வந்தவரு. அரை வயித்தோட அனுப்பினா விடுதிக்கு மரியாதை இல்ல."

மறுநாளிலிருந்து இரண்டு தட்டு. ஒன்றில் குச்சி நுனி இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் தொகுஸோ மாமாவின் தட்டு துடைத்துவைத்ததுபோலக் காலி. அப்பாவின் தட்டு தொடாமல் வைத்தது வைத்தபடி இருந்தது.

சயோவுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா? செத்தவர்கள் வந்து சாப்பிடுகிறார்கள். அப்பா வரவில்லை. அப்படியென்றால் அப்பா சாகவில்லை. எங்கேயோ ஒரு தீவில், பேர் தெரியாத ஏதோ கரையில், கால் உடைந்து படுத்திருக்கிறார். அவ்வளவுதான். தொடாத தட்டைத் திருப்பி எடுத்துவந்து அப்பாவின் கேரட் பூவைத் தானே தின்றாள். வளவளவென்று பேச ஆரம்பித்தாள். "வாய் திறந்தா மூட மாட்டேங்குதே. ஊமையா இருந்தப்பவே தேவல," என்று ஹட்சுயே அக்கா கூட விளையாட்டாக அலுத்துக்கொண்டாள். எட்டு நாள், ஒன்பது நாள், பத்து நாள். ஒவ்வொரு நாளும் தொடாத தட்டு. பெரியம்மா மட்டும் காலண்டரைப் பார்ப்பாள், சயோவைப் பார்ப்பாள், பட்டையில் செருகிய காகிதத்தைத் தடவிக்கொள்வாள். மாசம் முடிய இரண்டு நாள் இருந்தது.

அன்றைக்கு விருந்தாளிக் கூட்டம். ஏழு மணிக்குப் போக வேண்டியவள் ஏழேகாலுக்குத்தான் போக முடிந்தது. மண்டியிட்டு, மூன்று இழுப்பில் கதவைத் திறந்தாள்.

பாயில் ஈரம் இரண்டு இடத்தில் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில்.

தொகுஸோ மாமாவின் தட்டு காலி.

அப்பாவின் தட்டும் காலி.

குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சீராக, நுனி வலப்பக்கம் பார்த்து இருந்தன. சூப் கிண்ணத்தின் மூடியைக் கவிழ்த்து, தட்டின் ஓரத்துக்கு, கதவுப் பக்கமாக, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி தள்ளி வைத்திருந்தது. மூடியில் நீர் முத்துகள். நடுவில் ஒரு கேரட் பூ.

சயோ அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமென்று அவளுக்கே தெரியாது. இந்த நாலு மாதமும் அவர் வர வேண்டும் வர வேண்டும் என்று கேட்டவள்தான். கடைசிப் பத்து நாள் மட்டும் வராதே, வந்துவிடாதே என்று கேட்டாள். மனுஷனுக்கு மகள் முதலில் கேட்டதுதான் காதில் விழுந்தது போல. அப்பா அப்பா என்று வாய்விட்டு அழுதாள். கேரட் பூவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உப்பு கரித்தது. மென்று விழுங்கினாள்.

தட்டுகளை அடுக்கி, மூச்சுப் படாமல் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். இரண்டு காலிக் கிண்ணங்களைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"முத்திரை குத்துங்க பெரியம்மா," என்றாள் சயோ.

பெரியம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுத அழுகை, குளியல் அறையில் இருந்த விருந்தாளிவரை கேட்டது. அந்த வீட்டில் அவள் சத்தம்போட்டு அழுது அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

மார்ச்சில் துறைமுகத்தில் சடங்கு நடந்தது. அப்பாவின் வெறும் பெட்டிக்குப் பக்கத்தில் தொகுஸோ மாமாவின் பெட்டி. அவருக்கும் பூ வைக்க ஆள் இருந்தது. சடங்கு முடிந்தால் போனவர்கள் போய்விடுவார்கள், இனி நாணல் அறையைச் சாத்திவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். பெரியம்மா கேட்டுக்கொண்டாள். சயோவும் கேட்டுக்கொண்டாள். மலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் இவாசே யாரையும் கேட்காமல் இரண்டு தட்டு கூடுதலாகப் பரப்பினார். அவற்றுக்கு மட்டும் கேரட் பூ கொஞ்சம் பெரிதாகவே செதுக்கியிருந்தார்.

"சின்னவளே, ஆறாவது அறைக்குத் தேநீர்," என்றாள் ஹட்சுயே அக்கா.

"இதோ வச்சுட்டுப் போறேன் அக்கா."

இரண்டு தட்டையும் வைத்து, குச்சிகளைத் திசை பார்த்துத் திருப்பி, கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்தில் பனி உருகிச் சொட்டுகிற சத்தம். சன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பத்தடி போயிருப்பாள்.

டிங். டிங்.

சயோ நின்றாள். திரும்பவில்லை.

"தட்டாதய்யா," என்றது கதவுக்குப் பின்னால் இன்னொரு குரல்.